பளம் சாப்பிடுங்க

விபத்துக்குப் பிறகு மாமனாரை முதன்முறையாகப் பார்க்க வந்த மருமகனுக்கு, அவர் முழுக்கைச் சட்டையோடு டீக் கோப்பையைப் பிடித்திருந்ததைக் கண்டதும் சந்தோஷம். அவர் வாயைத் திறந்ததும் அது போய்விட்டது.

"வாங்க மாப்ளே. பளம் சாப்பிடுங்க."

மருமகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமனார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 'பளம்' என்று சொன்ன ஒரே குற்றத்துக்காக இவனுடைய கல்யாணத்தையே ஆறு மாதம் தள்ளிப்போட்டவர்.

"என்ன மாமா சொன்னீங்க?"

"பளம். வாளைப்பளம். வெளியில நல்ல மளையோ?"

மருமகன் விருட்டென்று எழுந்தான்.

"என்னைக் கிண்டல் பண்றதை நீங்க இன்னும் விடலையா? நான் கிளம்புறேன்."

"ஐயோ, நில்லுங்க! பழம்னு சொல்லத் தெரியாதா எனக்கு?"

சொல்லி வாய் மூடவில்லை, அவர் கை தானாக மேலே எழும்பியது. ஆறிப்போன டீ அத்தனையும் சட்டையில்.

மாமியார் துண்டோடு ஓடி வந்தாள்.

"செயலிழந்த கைக்கு மெஷின் கட்டியிருக்காங்க மாப்ளே. நாக்குல ஒட்டின சின்னக் காந்தம்தான் சுவிட்ச். நாக்கு நுனி அண்ணத்தைத் தொடாம பின்னால வளைஞ்சா கை தூக்கும். இவர் 'ழ' சொன்னா அதுக்கும் தூக்குது. தினமும் டீக் குளியல்தான்!"

மாமனார் நனைந்த சட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"நாப்பது வருஷம், நாக்கை வளைச்சுச் சொல்லுங்கடான்னு வகுப்புல தொண்டை கிளியக் கத்தினேன். ஒரு பய கை தூக்கலை. இப்பத்தான் மாப்ளே, சொன்னவுடனே கை தூக்குற மாணவன் ஒருத்தன் கிடைச்சிருக்கான்!"