கொடியில் காயும் துணி

நிறுவனத்தின் மண் அணைக்குக் கீழே முதல் வீட்டில் அணைக் காவலாளியின் குடும்பம்தான் குடியிருக்க வேண்டும். நிறுவனம் ஊருக்குக் கொடுத்த பிணை அது. அந்த வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும்வரை ஊர் பயமில்லாமல் தண்ணீர் பிடித்தது. காவலாளியின் மனைவி முத்தரசி தன் தங்கை கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை. போனால் தெருவே மூட்டை கட்டிவிடும்.

அன்று காலை பதினொரு மணிக்கே அவள் புருஷன் தவசி அணையிலிருந்து வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பாட்டில். அணையடியில் எப்போதும் தெளிவாகக் கசியும் நீர், அதில் செம்மண்ணாகக் கலங்கியிருந்தது.

பாட்டிலின் அடியில் மண் படிவதை இருவரும் பார்த்தார்கள்.

"ஆபீஸ்ல சொன்னீகளா?"

"கருவியெல்லாம் பச்சை காட்டுதாம். வாயத் திறக்காதேங்கிறாங்க. ஆனா அணை உள்ளுக்குள்ள கரையுது. நீ பிள்ளையோட உங்கண்ணன் வீட்டுக்குப் போயிரு. பை கிய் எடுக்காத. கடைக்குப் போற மாதிரி போ."

முத்தரசி கொடியிலிருந்த துணிகளை உருவினாள், ஈரச் சேலையையும் சேர்த்து. பெரிய பெட்டியில் திணித்துத் தலையில் வைத்துக்கொண்டாள். மகளின் கையைப் பிடித்தாள்.

"பெட்டியோட பாத்தா என் வேலை போயிரும்டி."

"போகட்டும்."

அவள் நடுத்தெருவில் நடந்தாள். குழாயடியில் பாத்திரம் விளக்கிய தனம் நிமிர்ந்து, "என்னடி, அதிசயமா ஊருக்கா?" என்று சிரித்தாள். பிறகு வெறும் கொடியைப் பார்த்தாள். குழாயை மூடாமலே, மாமியாரைக் கூப்பிட்டபடி உள்ளே ஓடினாள்.

முத்தரசி இன்னும் மெதுவாக நடந்தாள்.