தம்பிக்கு ஒரு சிட்டிகை

கேலன் தோட்டா பிரிக்கிற சுத்தியலை ஓங்கி மரக்கட்டையில் தட்டினான். சுத்தியலின் குடைந்த தலைக்குள் பொருத்தியிருந்த தோட்டாவிலிருந்து ஈயக்குண்டு கழன்று விழுந்தது. பின்னாலேயே வெடிமருந்தும் கொட்டியது.

கறுத்த துகளைத் தராசுத் தட்டில் சரித்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டான். முள் கொஞ்சம் ஆடி, கோட்டுக்கு நேரே வந்து நின்றது.

இதுவும் சரி.

ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை.

பெட்டியில் இருந்த தோட்டாக்கள் எல்லாமே அவன் கையால், இதே மேசையில் நிரப்பியவை. சனிக்கிழமை அவன் தம்பி வெண்டல் அதிலிருந்து எடுத்துப் போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தபோது, அப்பாவின் பழைய ரிவால்வர் கையிலேயே வெடித்துச் சிதறியது. வலது கண் போயிற்று. வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் போயின.

வெண்டலுக்குப் பிழைப்பே குதிரைகளுக்கு லாடம் அடிப்பதுதான். மொன்டானாவில் அந்த வட்டாரத்துப் பண்ணைகளில் எந்த முரட்டுக் குதிரையும் அவனிடம் காலைத் தூக்கிக் கொடுத்துவிடும். கொடுத்துவிடும் என்ன, கொடுத்தது. இனி அந்த வேலை அவனுக்கு இல்லை.

துப்பாக்கி பழசாகிப் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் கேலன் போட்ட மருந்து அதிகமாகியிருக்க வேண்டும்.

"போயி மிச்சத்தப் பிரிச்சுப் பாருண்ணே. நீ தப்பு பண்ணியிருக்க மாட்ட. அத உன் வாயால கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வெண்டல்தான் அனுப்பிவைத்தான்.

கேலன் அப்படித் தப்பு பண்ணுகிற ஆளும் இல்லை. மருந்து அளக்கும்போது கராஜில் ரேடியோ பாடாது. பீர் கிடையாது. ஹீட்டர் காற்றில் முள் நடுங்கும் என்று அதையும் அணைத்துவிட்டு, விரல் விறைக்க உட்கார்ந்திருப்பான். தங்கம் நிறுக்கிற நகைக்கடைக்காரர் என்று வெண்டல் கேலி பண்ணுவான். அவன் மனைவி ஆர்லிஸே கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவாள். வெண்டல் ஒருவனுக்கு மட்டும் தட்டுகிற பழக்கம் இல்லை.

இன்னும் ஒன்றுதான் பாக்கி.

நிரப்பிய வரிசையிலேயே அடுக்கிய பெட்டியில், வெடித்தது இருந்த குழிக்குப் பக்கத்துக் குழியில் இருந்த தோட்டா. கை முதலில் அதற்குத்தான் போயிற்று. தொடாமல் விட்டுவிட்டு அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தான். காதருகே வைத்துக் குலுக்கியிருந்தாலே தெரிந்திருக்கும். குலுக்கத் தைரியம் வரவில்லை.

பொருத்தி, தட்டினான்.

குண்டு விழுந்தது. வேறொன்றும் விழவில்லை.

கவிழ்த்தான். உதறினான். பித்தளைக் கூட்டுக்குள் ஒரு குச்சியை விட்டுச் சுரண்டினான். ஒரு துகள்கூட இல்லை.

இதற்குள் போக வேண்டிய மருந்து இதற்குள் போகவில்லை. ஏற்கெனவே நிரப்பியிருந்த பக்கத்துக் கூட்டிலேயே இன்னொரு முறை கொட்டியிருக்கிறான். அளவு துளி பிசகாமல், இரண்டு முறை. அதைத்தான் தம்பி எடுத்துப் போட்டுச் சுட்டிருக்கிறான்.

கேலனுக்கு அழுகைகூட வரவில்லை.

கதவைத் தட்டிவிட்டு ஆர்லிஸ் உள்ளே வந்தாள். கையில் போன். "வெண்டல்தான். விடாமக் கேட்டுக்கிட்டே இருக்கான். நல்ல சேதியாச் சொல்லு கேலன்" என்று ஸ்பீக்கரில் போட்டு நீட்டினாள்.

வெற்றுக் கூட்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான்.

"எல்லாம் சரியாத்தான்டா இருக்கு. ஒண்ணுகூட மாறல. துப்பாக்கிதான்."

வெண்டல் சிரித்தான். முகத்தில் அத்தனை கட்டோடு சிரிக்க வலித்திருக்கும். இருந்தும் சிரித்தான். "எனக்குத் தெரியாதா நகைக்கடைக்காரரே! எங்கண்ணன் கை ஒரு தூசு பிசகாதுன்னு நர்ஸுகிட்ட பந்தயமே கட்டியிருக்கேன்."

ஆர்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேலனின் தோளில் கை வைத்தாள். அவன் கையை விரிக்கவில்லை.

அதே சிரிப்பு. இந்தப் பெட்டிக்கு மருந்து நிரப்பிக்கொண்டிருந்த அன்றைக்கும் வெண்டல் தட்டாமல் கதவைத் திறந்து, அதில் சாய்ந்துகொண்டு, "என்ன நகைக்கடைக்காரரே, தம்பிக்கு ஒரு சிட்டிகை கூடப் போட்டா குறைஞ்சா போயிடுவீரு?" என்று கேட்டுவிட்டு இப்படித்தான் சிரித்தான்.

கேலனும் சிரித்தான். சிரிக்கும்போது, கூடுகளின் வரிசையிலிருந்து தலையைத் திருப்பித் தம்பியைப் பார்த்தான்.