கப்பல் ஏறாதவர்

கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள்.

கரும்புத்தோட்ட முதலாளியின் கட்டில். நாலு மூலையிலும் செதுக்கிய தூண்கள். மேலே கொசுவலை. பக்கத்தில் பீங்கான் கூஜா, முகம் பார்க்கும் கண்ணாடி.

அவன் பார்த்தது விரிப்பை.

சுருக்கம் இல்லை. கஞ்சி போட்டு, ஈரம் காய்வதற்குள் தேய்த்த துணி. யாரும் படுக்காத படுக்கைக்கு யாரோ விரிப்பு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

சுற்றுலாக் கப்பலில் அவனுக்கு அதுதான் வேலை. நாலாயிரம் பேர் படுத்தெழும் விரிப்புகளைத் துவைப்பது. நீர்மட்டத்துக்குக் கீழே, சன்னல் இல்லாத கூடத்தில்.

காலையில் கப்பல் இந்தப் பிரெஞ்சுத் தீவில் நின்றது. ஐந்து மணி நேரம் ஓய்வு. கூட வேலை செய்பவர்கள் கடற்கரைக்குப் போனார்கள். அவன் துறைமுகத்தில் நின்ற முதல் பேருந்தில் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தான். எங்கே போகிறதென்று கேட்கவில்லை. அது இங்கே கொண்டுவந்து விட்டது.

முதலாளிகள் போய்விட்டார்கள். வீடு அருங்காட்சியகமாகிவிட்டது.

வழிகாட்டிப் பெண் பேசிக்கொண்டே கூட்டத்தை அடுத்த அறைக்கு நகர்த்தினாள். அவன் நகரவில்லை. மூன்று நாளாகத் தனியாக நிற்க ஓரிடம் கிடைக்கவில்லை.

அக்காவின் செய்தி புதன்கிழமை நடுக்கடலில் வந்தது.

"நேத்து அப்பா தவறிட்டாருடா. ஒனக்கு லைன் கெடைக்கல. சாயந்தரமே எடுத்துட்டோம். சித்தப்பா மவன் கொள்ளி வச்சிட்டான். நீ மனசத் தளர விடாத."

ஒரே மகன் அவன்.

போன் போட்டால் அப்பா கேட்பது எப்போதும் ஒன்றுதான். "கப்பல் ரொம்ப ஆடுதாடா?" ஆடவில்லை என்றால் நம்ப மாட்டார். ஆடுகிறது என்றால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

கப்பலில் யாரிடமும் அவன் சொல்லவில்லை. சொன்னால் தோளைத் தட்டுவார்கள். நல்லவர்கள்தான். அதற்குள் அடுத்த அழுக்கு மூட்டை வந்து விழும். அறையில் நாலு பேர். குளியலறைக் கதவுக்கு வெளியே எந்நேரமும் ஒருவன் துண்டோடு நிற்பான்.

அழுகை வருகிறதா என்று தினமும் பார்த்தான்.

வரவில்லை.

பின்வாசல் வழியாக இறங்கினான். சமையல்கட்டு. கரும்புச்சாறு காய்ச்சிய பெரிய கொப்பரைகள், உள்ளே மழைத்தண்ணீர். அதற்கும் அப்பால் தாழ்ந்த கல் கட்டடம். கூலிகள் தங்கிய வரிசை வீடுகளில் இந்த ஓர் அறைதான் மிச்சம் போல.

குனிந்து நுழைந்தான்.

கட்டில் இல்லை. கயிறும் இல்லை. ஒரு சுவர் முழுக்கப் பெயர்கள், அந்தக் காலத்தில் கரும்பு வெட்டக் கப்பலில் வந்த கூலிகளின் பெயர்கள்.

பெயர். வயது. ஏறிய துறை. கப்பல்.

ஏறிய துறை: காரைக்கால். அடுத்த வரியிலும் காரைக்கால். அதற்கடுத்த வரியிலும்.

அவன் ஊரிலிருந்து காரைக்காலுக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம்.

எழுத்து பிரெஞ்சு. கூட்டிக் கூட்டிப் படித்தான். வீராபின். இல்லை, வீரப்பன். வயது இருபத்து மூன்று. சினாமா. சின்னம்மா. பத்தொன்பது. பாதி வழியில் தன் குரல் வெளியே கேட்பதை உணர்ந்தான்.

பின்னால் யாரோ வாளியைக் கீழே வைத்தார்கள்.

தரை துடைக்கும் பெண்மணி. அறுபது இருக்கும். நீல அங்கி, தலையில் பூப்போட்ட துணி. முகம் மட்டும் காரைக்கால் மீன் சந்தையில் பார்த்த முகம்.

"ஒதெத்," என்று தன் பெயரைச் சொன்னாள். அவனைப் போலவே அவளுக்கும் ஆங்கிலம் கொஞ்சம்தான். சுவரில் ஒரு பெயரைத் தொட்டு, அதே விரலால் தன் நெஞ்சைத் தொட்டாள். "மூனியாங். எங்க குடும்பப் பேர். நீங்க எப்படிச் சொல்வீங்க?"

"முனியன்."

அவள் உதடுகளை அசைத்துப் பார்த்தாள். இரண்டாவது தடவை சரியாக வந்தது.

"எல்லாத்தையும் படிங்க," என்றாள். "மெதுவா."

படித்தான். மாரிமுத்து. அங்கம்மாள். நாகன். கதிர்வேல். ஒவ்வொரு பெயருக்கும் அவள் தலையசைத்தாள், வாசலில் நின்று ஆட்களை உள்ளே விடுகிறவளைப் போல.

கடைசிப் பெயர் முடிந்தது. அவன் நிறுத்தவில்லை.

"பக்கிரிசாமி," என்றான்.

அவள் விரல் சுவரில் தேடிக்கொண்டு கீழே வந்தது. மறுபடி மேலே போனது.

"எந்தக் கப்பல்?"

"கப்பல் ஏறல." தமிழில்தான் வந்தது. "எங்கப்பா. செவ்வாக்கெழம செத்துப்போயிட்டாரு."

அந்தச் சின்ன அறையில் அது பெரிதாகக் கேட்டது.

அவளுக்குத் தமிழ் தெரியாது. விரல் சுவரில் நின்ற இடத்திலேயே நின்றது. திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். தண்ணீரைக் கொட்டினாள். அங்கியின் முனையால் வாளியின் அடிப்பக்கத்தைத் துடைத்தாள். உள்ளே வந்து அதைக் கவிழ்த்துப் போட்டு, உட்காரச் சொல்லிக் கைகாட்டினாள்.

அவன் உட்கார்ந்தான்.

முற்றத்தில் பேச்சுக்குரல்கள் நெருங்கின. வழிகாட்டி கூட்டத்தை இந்தப் பக்கம்தான் அழைத்து வருகிறாள்.

ஒதெத் வாசலுக்குப் போய் நின்றாள். அவர்களிடம் ஒரே ஒரு சொல் சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை.

காலடிகள் நின்றன. சரளைக்கல்லில் திரும்பின. தூரமாய்ப் போயின.

அவள் கதவைச் சாத்தினாள், வெளியே நின்றுகொண்டு.