பதினைந்தாவது ஆள்

மாலை வெயில் ஆய்வுகூடக் குடுவைகளில் மஞ்சளாய் நிற்கிறது. இன்று பதினைந்து அங்கத்தவர் கூடாவிட்டால் இரசாயனச் சங்கத்தின் யாழ்ப்பாணக் கிளையை மூடிவிடுவதாகக் கொழும்பு எழுதியிருக்கிறது. தலைவர் தில்லைநாதன் தன்னையும் சேர்த்து மூன்றாம் முறையும் தலைகளை எண்ணி, உதட்டைப் பிதுக்குகிறார். “பதினாலுதான். பிள்ளை, எல்லாருக்கும் தேத்தண்ணியைக் குடும், குடிச்சிட்டு வெளிக்கிடட்டும்.” அவர்களை வீடுவீடாகச் சைக்கிளில் போய்ப் பிடித்துவந்த காரியதரிசி பிலோமினா, குருநகர் மீன்பிடிகாரர் சிமியோனின் மகள், தேநீர்த் தட்டத்தை மேசையில் டக்கென்று வைக்கிறாள். கோப்பைகள் கிலுங்குகின்றன. “ஐயா, என்னை எண்ணினியளோ?” பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்குகிறார். அந்தரத்தில் நின்ற தில்லைநாதனின் விரல் மெல்ல அவள் பக்கம் திரும்புகிறது. “பதினைஞ்சு.” அவள் கதிரையை இழுத்துப் போட்டு நிமிர்ந்து அமர்ந்து, கூட்டம் தொடங்கிய நேரத்தை அழுத்தி எழுதுகிறாள். “தேத்தண்ணி அங்கை கிடக்கு. வேணுமெண்டவை எழும்பிப்போய் எடுங்கோ.”