ஒண்ணும் ஆகலை

சைக்கிள் ஓட்டும்போது ஹெல்மெட் போடும் விஷயத்தில் ஃபெலிக்ஸுக்கும் மணவாளனுக்கும் ஒரு வருடமாகச் சண்டை. "அதைப் போட்டா லாரிக்காரன் இன்னும் ஒட்டி வருவான்டா. வெறுந்தலையைப் பார்த்தாத்தான் பயந்து ஒதுங்குவான்" என்பான் ஃபெலிக்ஸ். அன்று காலை பைபாஸில் குறுக்கே வந்தது நாய். சைக்கிளோடு சரிந்த ஃபெலிக்ஸின் தலை சாலையோரக் கல்லில் மோதிய சத்தம், பின்னால் வந்த மணவாளனுக்குக் கேட்டது. ஆனால் ஃபெலிக்ஸ் எழுந்துவிட்டான். ரத்தமில்லை. முழங்கைச் சிராய்ப்பைத் தடவிக்கொண்டே சிரித்தான். "பாத்தியா, ஒண்ணும் ஆகலை. இனிமே வாயைத் திறக்காதே." தோற்றுப்போனதில் மணவாளனுக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த டீக்கடையில் நிறுத்தினார்கள். "நாய்க்கு அடிபட்டுச்சா?" என்று கேட்டான் ஃபெலிக்ஸ். "இல்லடா, ஓடிருச்சு." இரண்டு வாய் டீ குடித்துவிட்டு, அதே சிரிப்போடு, "நாய்க்கு அடிபட்டுச்சா?" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்தான் மணவாளன். மூன்றாவது முறை கேட்டபோது கிளாஸை வைத்துவிட்டுப் போனை எடுத்தான். இரண்டு தடவை எண்ணைத் தப்பாக அழுத்தினான். ஆம்புலன்ஸ்காரர், "நினைவு இருக்கா? பேசறாரா?" என்று கேட்டார். "பேசறான் சார்" என்றான் மணவாளன். "சிரிச்சுக்கிட்டே பேசறான். சீக்கிரம் வாங்க."