விதை நீக்கிய மிளகாய்

ஒத்தீலியா அக்கா சமையலறை மேஜையில் உட்கார்ந்து, சிவப்பு மிளகாய் வற்றலை ஒவ்வொன்றாகக் கீறி விதையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளங்கை நீளம் இருக்கும் அந்த மிளகாயில் இயல்பாகவே காரம் கம்மி. விதையை எடுத்து, உள்ளே ஓடும் வெளிர் நரம்பையும் கத்தி நுனியால் சுரண்டிவிட்டால் குழந்தைகூடச் சாப்பிடலாம்.

எங்கள் தெலிசியாஸ் ஊரில் யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. அக்கா வீட்டில் மட்டும் இருபது வருஷமாக அதுதான் வழக்கம். எவரார்தோ அத்தானுக்கு வயிற்றுப்புண்.

அத்தான் மாரடைப்பில் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்குச் சாப்பிட வரவிருந்தவள் வேறொருத்தி.

பெயர் நெரேய்தா. எல்லையோர ஊரான ஓஹினாகாவில் அத்தானுக்கு இருந்த இன்னொரு வீட்டின் ஒரே மகள்.

அத்தான் மாட்டு லாரி ஓட்டினார். மாதத்தில் பாதி நாள் எல்லைப் பக்கம்தான். அந்த வீட்டைப் பற்றி அக்காவுக்கு வெகுகாலமாகத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அத்தானுக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒருநாளும் அதை வாய்விட்டுப் பேசியதில்லை. அடக்கத்துக்குக்கூட அங்கே சொல்லி அனுப்பவில்லை.

போன வாரம் அந்தப் பெண் போன் செய்தாள். அப்பாவை எங்கே புதைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும் என்றாள்.

அக்கா, "ஞாயித்துக்கிழமை சாப்பிட வா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஞாயிறு காலை ஒரு பிடி ஊசிமிளகாயைப் பையில் போட்டுக்கொண்டுதான் வந்தேன்.

"இதையும் சேத்து அரைச்சிடுக்கா. வந்தவ கண்ணுலயும் மூக்குலயும் தண்ணியா ஊத்திக்கிட்டு ஓடட்டும்."

"வாயை மூடிக்கிட்டு அந்தப் பூண்டை உரி, சாயோ."

நான் உரித்தேன்.

அக்கா மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, பூண்டும் சீரகமும் சேர்த்து அரைத்து வடிகட்டினாள். மாட்டிறைச்சித் துண்டுகளைக் கொழுப்பில் சிவக்க வதக்கி, அதன்மேல் அந்தச் சிவப்புச் சாற்றை ஊற்றி, தீயைக் குறைத்தாள். முகத்தில் கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. அடுத்த வீட்டுக்காரருக்குச் சமைப்பதுபோல் இருந்தாள்.

நெரேய்தா நண்பகலில் வந்தாள். முப்பது வயதிருக்கும். அத்தானின் அதே மூக்கு. துணியில் சுற்றிய ஒரு வட்டப் பாலாடைக்கட்டியை மேஜையில் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

அக்கா தட்டில் இறைச்சியைப் போட்டாள். கல்லில் கோதுமைத் தோர்த்தியாவைச் சுட்டுச் சுட்டு வைத்தாள்.

அந்தப் பெண் ஒரு துண்டு பிய்த்து, இறைச்சியைத் தொட்டு வாயில் வைத்தாள். அப்படியே நிறுத்திவிட்டாள். கண் நிறைந்து வழிந்தது.

நான் என் பையைத் திறந்து பார்த்தேன். ஊசிமிளகாய் அப்படியே இருந்தது.

"காரமா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. அப்பா பண்ற மாதிரியே இருக்கு."

தோர்த்தியாவைப் புரட்டப்போன அக்காவின் கை நின்றது.

"யாரு பண்ற மாதிரி?"

"அப்பாதாங்க. வீட்ல இருந்தா ஞாயித்துக்கிழமை அவர்தான் அடுப்புல நிப்பாரு. அம்மாவை உள்ளயே விடமாட்டாரு. சின்னதுல எனக்குக் காரம் ஆகாது. உக்காந்து ஒவ்வொரு மிளகாயா சுரண்டுவாரு. பாடிக்கிட்டே."

இந்த வீட்டில் அத்தானுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால், காலி டம்ளரால் மேஜையில் ஒரு தட்டு தட்டுவார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷமும் அப்படித்தான்.

கல்லில் தோர்த்தியா கருகும் வாடை வந்தது. நான் எழுந்து போய் எடுத்தேன்.

"அவருக்கு வயித்துப்புண்ணுல்ல? அதுக்குத்தானே காரம் இல்லாம சாப்பிட்டாரு?" என்றேன்.

"அப்பாவுக்கா? வயித்துல ஒண்ணுமே இல்லீங்களே. நான் பொறந்ததுலேருந்து எங்க வீட்ல இப்படித்தான்."

சொன்ன பிறகுதான் அவளுக்கும் எதுவோ உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆக, அந்த வீட்டு ருசி அவருக்கு இந்த வீட்டிலும் வேண்டியிருந்திருக்கிறது. கேட்பதற்கு வேறு காரணம் இல்லாமல்தான் வயிற்றுப்புண் என்று சொல்லியிருக்கிறார்.

அக்கா வெளியே போய்விடுவாள் என்று நினைத்தேன். அவளோ நெரேய்தாவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன பாட்டு?"

"பேரு தெரியாதுங்க" என்று நெரேய்தா மெதுவாக முனகிக் காட்டினாள். இரண்டு வரிதான். அக்கா இதற்கு முன் கேட்டிருக்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

இல்லை.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்க. ரொம்ப தூரம் வந்திருக்க" என்றாள் அக்கா.

சாப்பிட்டு முடித்ததும் நான்தான் வண்டியை ஓட்டினேன். கல்லறைத் தோட்ட வாசலில் நிறுத்தியதும் அக்கா கையை நீட்டிக் காட்டினாள்.

"மூணாவது வரிசை. நீலச் சிலுவை. எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருந்துட்டு வா."

நெரேய்தா இறங்கிப் போனாள். நான் என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினேன். அக்கா அசையவில்லை.

"நீ இறங்கலியாக்கா?"

"அவ பாக்க வந்த ஆளை எனக்குத் தெரியாது, சாயோ."