ட்ரம்பெட் வர வேண்டிய இடம்

எப்சிபா ஆலய வாசலில் வந்து நின்றதும் நான் கீபோர்டில் கை வைத்தேன். அவள் கேட்டதை வாசிக்கவில்லை.

வழக்கமான கல்யாண மார்ச்சை வாசித்தேன். சித்தூரில் எங்கள் சபையின் மணப்பெண்கள் எல்லாரும் நடந்து வந்த அதே மார்ச்.

அவள் கேட்டது ஒரு தெலுங்குப் படத்தின் பின்னணி இசை. இப்போது யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் அதுதான் வேண்டுமாம். பெண் நடந்து வரும்போது வயலினும் ட்ரம்பெட்டுமாக ஆர்கெஸ்ட்ரா முழங்க வேண்டுமாம். ரீல்ஸில் முப்பது நொடி கேட்டுவிட்டு வந்து என் உயிரை வாங்குகிறார்கள். போன மாதம் புத்தலப்பட்டுப் பெண்ணுக்கு நான் முடியாது என்றதும், ஸ்பீக்கரில் போட்டு அதற்கு டான்ஸே ஆடிவிட்டாள்.

படத்தைப் பார்த்திருந்தால் கேட்பார்களா? சித்தூரில் அது ஒரு வாரம்கூட ஓடவில்லை. திருப்பதிக்குப் போய் இன்னொரு தடவை பார்த்த பைத்தியம் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பாடகர் குழுவில் அதைச் சொல்லாத நாளில்லை.

இந்தக் காலத்து இசையமைப்பாளர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். கதாநாயகன் பல் தேய்த்தாலும் முழு ஆர்கெஸ்ட்ரா. இந்த ஒரு படத்தில்தான் ஒரு மனுஷன் ஒரே மெட்டைப் பொறுமையாகக் கொண்டுபோயிருந்தார். கதாநாயகி வாய்விட்டுச் சொல்ல முடியாததை அந்த மெட்டு சொல்லும்.

படத்தில் அது மூன்று தடவை வரும். பெண் பார்க்க வரும்போது ஒற்றை செல்லோ. நிச்சயதார்த்தத்தில் அதோடு வயலின்கள். கடைசியில், தாலி கட்டும் நேரத்தில், அவள் மணமேடையிலிருந்து எழுந்து வாசலைப் பார்த்து நடப்பாள். அவள் கால் வெளியே பட்ட பிறகுதான் ட்ரம்பெட்டுகள் வரும். எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது.

கல்யாணத்தை விட்டுப் போகிற பெண்ணுக்குப் போட்ட இசையை வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிறார்கள், முட்டாள் ஜனங்கள்!

எப்சிபாவையும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தேன். போன வாரம் பாடகர் குழு ஒத்திகை முடிந்து எல்லாரும் போன பிறகு தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

“கிளமென்ட்ணா, செல்லோ வருதே, அங்கேர்ந்தே வாசிங்க. கொஞ்சங்கூட மாத்திடாதீங்க. நைனாவுக்கு அதெல்லாம் ஒண்ணும் புரியாது.”

எனக்கே சொல்லிக்கொடுக்கிறாளே என்று எரிச்சலாக இருந்தது. சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டேன். ஒரு நல்ல காரியத்துக்குப் போய் அதை வாசிப்பேனா? பெண் விவரம் தெரியாமல் கேட்கிறது, நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் தொடங்கியதும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா பிலிப் அவள் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நகர்ந்தாள். வெட்கம் என்று நினைத்துப் பெண்கள் பக்கம் சிரித்தார்கள்.

பலமனேர் மாப்பிள்ளை பீடத்துக்கு முன்னால் கோட்டு சூட்டில் வியர்த்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீடியோக்காரர் கூப்பிட்டதும் நிமிர்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தான். பெண்ணைப் பார்க்கவில்லை.

என் கீபோர்டு பீடத்தை ஒட்டித்தான் இருக்கிறது. என்னைத் தாண்டும்போது எப்சிபா முக்காட்டுக்குள்ளிருந்து முணுமுணுத்தாள்.

“அந்தப் படத்த கடைசி வரிக்கும் பாத்தவரு நீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேண்ணா.”

என் விரல் பிசகியது. யாரும் கவனிக்கவில்லை. இந்தச் சபையில் என்றைக்கு யார் கவனித்தார்கள்!

ரீல்ஸில் செல்லோ வராது. அந்த முப்பது நொடியும் வயலினும் ட்ரம்பெட்டும்தான்.

இவள் படத்தைப் பார்த்திருக்கிறாள். முழுசாகப் பார்த்திருக்கிறாள். அப்பாவிடம் சொல்ல முடியாததை, புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆளிடம் வந்து சொல்லியிருக்கிறாள். அந்த மகா மேதாவி அதைத் திருத்தி வாசித்துவிட்டான்.

போதகர் புத்தகத்தைத் திறந்தார். இந்த இருவரும் இணையக் கூடாது என்பதற்கு யாருக்காவது நியாயமான காரணம் தெரிந்தால் இப்போதே சொல்லலாம் என்றார். கல்யாணத்துக்கு முந்தின மூன்று ஞாயிறும் சபைக்கு அறிவிப்பாகக் கல்யாண ஓலை வாசித்தபோது கேட்ட அதே கேள்விதான். எங்கள் சபையில் அதற்கு யாரும் வாய் திறந்ததில்லை. வீடியோக்காரர் அந்த இடைவெளியில்தான் பேட்டரி மாற்றுவார்.

இப்போதும் மாற்றிக்கொண்டிருந்தார்.

எப்சிபா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குக் காரணம் தெரியும். எழுந்து நின்று சொல்கிற தைரியம்தான் இல்லை. அத்தனை பேரையும் ஏளனம் பேசுகிற வாய் அந்த நேரத்தில் ஒட்டிக்கொண்டது.

செல்லோ பொத்தானை அழுத்தினேன். அந்த மெட்டை முதலிலிருந்து வாசித்தேன், கொஞ்சம்கூட மாற்றாமல்.

தெரியாமல் கை பட்டுவிட்டது போலிருக்கிறது என்று போதகர் கண்ணாலேயே என்னை அதட்டினார். பெஞ்சில் ஒரு ஜென்மத்துக்கும் எதுவும் விளங்கவில்லை. பிலிப் மட்டும் நன்றாக இருக்கிறது என்பதுபோல் தலையை ஆட்டினார்.

எப்சிபா நிமிர்ந்தாள். குனிந்து கையிலிருந்த பூச்செண்டைப் பீடத்துப் படியில் வைத்தாள். முக்காட்டைத் தானே விலக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

நான் வயலின்களைச் சேர்த்தேன். ட்ரம்பெட் பொத்தானில் ஒரு விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவசரமில்லை. அவள் கால் வெளியே படட்டும்.